42 நாள், ஒரு வேன், ஒரு குக்கர்: பெங்களூரிலிருந்து நியூசிலாந்துக்குச் சிக்கனமான கேம்பர்வேன் பயணம்

"ஏம்மா, வண்டிக்குள்ளயே சமைச்சு வண்டிக்குள்ளயே தூங்கறதுக்கா இவ்ளோ தூரம் போறீங்க?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். அல்சூரில் எங்கள் வீட்டுச் சமையலறையைவிட அந்த வேன் கொஞ்சம்தான் பெரிது. அதில் நானும் கணவரும் 42 நாள் இருந்தோம். பிப்ரவரி கடைசியில் கிளம்பி, ஏப்ரல் முதல் வாரம் கடந்து திரும்பினோம். சுற்றியது நியூசிலாந்தின் தென் தீவு மட்டும்.

திரும்பி வந்த நாளிலிருந்து அலுவலக நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு ஆச்சு?" தொகையைக் கடைசியில் சொல்கிறேன். அது ஏன் அவ்வளவோடு நின்றது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கேம்பர்வேன் பயணத்தில் காசைக் கரைப்பது ஓட்டுவது. மூன்று வாரத்தில் இரண்டு தீவையும் பார்த்துவிட வேண்டும் என்று தினமும் 300 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பெட்ரோல் போகும், கப்பல் டிக்கெட் போகும். சாயங்காலம் களைத்துப்போய் கையில் கிடைத்த விலைகூடிய கேம்பர்வேன் பார்க்கில் நிறுத்துவார். சமைக்கத் தெம்பில்லாமல் வெளியே சாப்பிடுவார். ஒரே இடத்தில் மூன்று ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு மலையில் நடப்பவருக்கு அன்றைய செலவு அரிசியும் பருப்பும்தான். அங்கே பெரும்பாலான ஒருநாள் நடைபாதைகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் வண்டியை எப்படிக் குறைவாக ஓட்டுவது என்பதில்தான் வந்து நிற்கும்.

எப்போது, எந்தத் தீவு

அங்கே கோடை என்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. உள்ளூர்ப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். வேன் வாடகை உச்சத்தில் நிற்கும், நிறுத்துமிடங்கள் நிரம்பி வழியும். மார்ச், ஏப்ரலில் அதே வேன் மலிவாகக் கிடைக்கும். மழையும் காற்றும் சற்று அடங்கியிருக்கும். அக்டோபர், நவம்பரும் மலிவுதான். ஆனால் உயரத்தில் பனி இன்னும் கிடக்கும், சில பாதைகள் திறந்திருக்காது. வானாக்கா ஊருக்குப் பக்கத்திலுள்ள ராய்ஸ் பீக் மலைப்பாதை ஆட்டுப் பண்ணை வழியாகப் போகிறது. குட்டி போடும் காலம் என்று அக்டோபர் 1 முதல் நவம்பர் 10 வரை மூடிவிடுவார்கள்.

ஆறு வாரத்துக்குக் குறைவாக இருந்தால் ஒரே தீவு போதும். இரண்டு தீவுக்கும் நடுவே வெலிங்டன்–பிக்டன் கப்பல் மூன்றரை மணி நேரப் பயணம். வேனோடு ஏறினால் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசை விழுங்கிவிடும். மலை நடைக்காகப் போகிறீர்கள் என்றால் தென் தீவு. பெங்களூரிலிருந்து நேர் விமானம் இல்லை. சிங்கப்பூரில் மாறினால் அங்கிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு நேராகப் போகலாம். ஆஸ்திரேலியா வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் ஒரு நிமிடம் யோசியுங்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே டிரான்ஸிட் விசா வேண்டும்.

விசா, லைசென்ஸ், கார்டு

விசாவை ஆன்லைனில் போடலாம். குறைந்தது இரண்டு மாதம் முன்னால் போடுங்கள். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும்: ஒருவருக்கு மாதம் 1,000 நியூசிலாந்து டாலர், தங்குமிடத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் 400. விசாக் கட்டணத்தோடு சுற்றுலா வரியாக இன்னொரு 100 டாலர் சேரும். 2024 அக்டோபரிலிருந்து இந்த அளவு. ஒரு டாலரை ஐம்பது ரூபாய் சொச்சம் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கு சுலபம்.

நம் கர்நாடக லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் அதுவே செல்லும். ஆனாலும் ஆர்.டி.ஓ.வில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். ஒரு வருஷம் செல்லும். சில வாடகை நிறுவனங்கள் கேட்கின்றன. கேட்காவிட்டால் பையில் கிடக்கட்டும்.

அடுத்தது நாங்கள் கோட்டைவிட்ட இடம். வேனை என் பெயரில் பதிவு செய்திருந்தோம், ஏனென்றால் மலைப்பாதையில் நான்தான் நிதானமாக ஓட்டுவேன். கிரெடிட் கார்டு கணவர் பெயரில் இருந்தது. கவுன்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு சொன்னார்: முதன்மை ஓட்டுநர் பெயரிலேயே கார்டு இருக்க வேண்டும், ஃபாரக்ஸ் கார்டு ஆகாது. இரண்டு மணி நேரம் போராடி, கணவரை முதன்மை ஓட்டுநராக மாற்றி எழுதிக்கொண்டுதான் சாவி வாங்கினோம். அதுவுமில்லாமல் வண்டிக்குச் சேதம் வந்தால் எடுத்துக்கொள்ள என்று சில ஆயிரம் டாலரைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். கூடுதல் காப்பீடு எடுத்தால் அந்தத் தொகை குறையும். கார்டில் இரண்டு, மூன்று லட்சம் வரம்பு காலியாக இருக்கிறதா, வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். தொகையை வெறுமனே பிடித்து வைப்பார்களா, உண்மையாகவே எடுத்துப் பிறகு திருப்பித் தருவார்களா என்றும் கேளுங்கள். எடுத்தால் போகும்போதும் வரும்போதும் மாற்று விகிதத்தில் அடி விழும்.

எந்த வேன்

மூன்று வகை உண்டு. பின்னால் மெத்தையும் ஒரு கேஸ் அடுப்பும் மட்டும் உள்ள சின்ன வேன். உள்ளேயே நிற்கும் உயரம், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உள்ள நடுத்தர வேன். அப்புறம் குளியலறையோடு கூடிய பெரிய மோட்டார்ஹோம். மூன்றாவது, குழந்தைகளும் பெரியவர்களுமாகப் போகிறவர்களுக்கு.

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் முடிவெடுக்க, வாடகையோடு இரவுக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காசு கொடுக்காமல் நிறுத்தும் இடங்களை அங்கே ஃப்ரீடம் கேம்பிங் என்கிறார்கள். அதில் பெரும்பாலான இடங்கள் தன்னிறைவுச் சான்று (தண்ணீர், கழிப்பறை, கழிவு எல்லாம் வண்டிக்குள்ளேயே அடங்கும் என்பதற்கு) பெற்ற வண்டிகளுக்கு மட்டும்தான். 2023-இல் வந்த சட்டப்படி அந்தச் சான்றுக்குக் கழிப்பறை வண்டியில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கட்டிலுக்கடியில் வைக்கும் கையடக்கப் பெட்டி இனி கணக்கில் வராது. சான்றின் நிறம் பச்சை. பழைய நீல அட்டையைக் காட்டி "இது போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சான்றில்லாமல் நிறுத்தி மாட்டிக்கொண்டால் அபராதம் பல நூறு டாலர். அது வாடகை நிறுவனம் வழியாக உங்கள் கார்டுக்கே வரும்.

நாங்கள் நடுத்தர வேனை எடுத்தோம். சீசன் அல்லாத காலத்தில் நாளைக்கு 70 டாலர். சின்ன வேன் 50-க்குக் கிடைத்திருக்கும். அந்த 20 டாலர் வித்தியாசத்தை வாரத்தில் மூன்று இலவச இரவுகள் ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டன. மழைநாளில் குனியாமல் நின்று தோசை சுட்டதற்கு விலை போட முடியாது.

டீசலா பெட்ரோலா என்பதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. பங்க்கில் டீசல் விலை குறைவாகத் தெரியும். அதற்குக் காரணம், சாலை வரி பெட்ரோல் விலையிலேயே அடங்கிவிடுகிறது, டீசல் வண்டிக்குத் தனியாகக் கிலோமீட்டர் கணக்கில் வாங்குகிறார்கள். 1,000 கிலோமீட்டருக்குச் சுமார் 76 டாலர். வாடகை நிறுவனம் அதன்மேல் கொஞ்சம் வைத்தும் வாங்கும். 3,500 கிலோமீட்டர் ஓட்டினால் 266 டாலர். விலையை ஒப்பிடும்போது இதையும் கூட்டிப் பாருங்கள்.

நாள் விஷயத்தில் பிடிவாதம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஒரு ஊரில் திரும்ப ஒப்படைத்த வேனை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, நாளைக்கு ஒரு டாலருக்குக்கூட வண்டி தருவார்கள். டிரான்ஸ்ஃபர்கார், இமூவா போன்ற தளங்களில் தேடலாம். நான்கைந்து நாளில் சேர்க்க வேண்டும், எனவே நிறுத்தி நடப்பது நடக்காது. அதனால் எங்களுக்கு அது ஒத்துவரவில்லை.

பெங்களூரிலேயே ஒத்திகை

கப்பன் பார்க்கில் காலை நடை போனால் போதும் என்று நினைத்தேன். போதாது. மலை இறங்கும்போது முழங்கால்தான் பேசும், அதைப் பழக்க இறக்கம் வேண்டும். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் முதுகில் 8 கிலோ. முதலில் நந்தி மலை, பிறகு சாவனதுர்கா பாறை, கடைசியாகக் குக்கே சுப்ரமண்யாவிலிருந்து 1,712 மீட்டர் குமார பர்வதம். கர்நாடக வனத்துறையின் அரண்ய விஹாரா தளத்தில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். குமார பர்வதத்தை ஏறி இறங்கிய மறுநாள் ஆபீஸ் படிக்கட்டில் சாதாரணமாக இறங்க முடிந்தால், தென் தீவின் பெரும்பாலான பாதைகளுக்கு நீங்கள் தயார்.

இன்னொரு ஒத்திகை சமையலில். ஒரு சனி, ஞாயிறு முழுக்க ஒற்றை அடுப்பு, ஒரு குக்கர், ஒரு வாணலி, ஒரு வாளித் தண்ணீர் என்று பால்கனியில் சமைத்துப் பாருங்கள். எது தேவை, எது வீண்சுமை என்பது ஞாயிறு மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். எங்களுக்கு மிக்ஸி ஏக்கம் போனது அப்போதுதான்.

பெட்டியும் பாதுகாப்புச் சோதனையும்

நியூசிலாந்து விமான நிலையத்தில் உங்கள் துணியை யாரும் கிளறப்போவதில்லை. வெளியூர் மண்ணும் விதையும் பூச்சியும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று உணவையும் காலணியையும் கேட்பார்கள். கொண்டுவந்த எல்லாவற்றையும் படிவத்தில் சொல்லிவிட வேண்டும். சொன்னால், ஆகாததை எடுத்துப் போட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் ஒரு ஆப்பிள் பையில் இருந்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். தேன் கூடவே கூடாது. கறிவேப்பிலை, பழம், விதை, நெய்ப் பலகாரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நாங்கள் எடுத்துப் போனது கம்பெனி பாக்கெட்டில் இருந்த சாம்பார்பொடி, ரசப்பொடி, பெருங்காயம், அவ்வளவுதான். அரிசி, பருப்பு, புளி, அப்பளம் எல்லாம் கிறைஸ்ட்சர்ச்சின் இந்தியக் கடைகளில் கிடைக்கிறது.

ட்ரெக்கிங் ஷூவை முந்தின நாள் குளியலறையில் பல்துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்தேன். பளிச்சென்றுதான் இருந்தது. அதிகாரி ஷூவைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பாகத்தின் பள்ளத்தில் ஒரு சின்னக் கொக்கியை விட்டு இழுத்தார். கடுகளவு செம்மண் உருண்டை வந்தது, சாவனதுர்காவின் மண். கோபப்படவில்லை, உள்ளே எடுத்துப்போய்க் கழுவி ஈரத்தோடு கொடுத்தார். நானாகவே படிவத்தில் சொல்லியிருந்ததால் அபராதம் இல்லை. உங்கள் ஷூவின் பள்ளங்களை ஊசி வைத்தே சுத்தம் செய்யுங்கள்.

மற்றபடி துணிமணி சுருக்கமாக: நல்ல மழைக்கோட்டு, மெல்லிய கம்பளி உள்ளாடை இரண்டு ஜோடி, கம்பளிக் காலுறை, 0 டிகிரிக்குத் தாங்கும் ஸ்லீப்பிங் பேக். பருத்தி பனியனோடு மலையேறாதீர்கள். நனைந்தால் காயாது, குளிர் உள்ளே இறங்கிவிடும். கேஸ் குடுவை விமானத்தில் ஏறாது, அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

வண்டியை வாங்கும் நாள்

இறங்கிய அன்றே ஓட்டாதீர்கள். நம் கடிகாரத்தைவிட ஆறரை மணி நேரம் முன்னால், அவர்கள் கோடையில் ஏழரை. அந்தத் தூக்கக் கலக்கத்தோடு புது வண்டி வேண்டாம். ஒரு இரவு ஹாஸ்டலில் படுத்துவிட்டு மறுநாள் எடுங்கள்.

எடுக்கும்போது வெளிப்புறம் முழுக்கச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள். கூரையையும் சக்கரங்களையும் விடாதீர்கள். தண்ணீர் பம்ப் ஓடுகிறதா, குளிர்பெட்டி குளிர்கிறதா, கேஸ் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது, பச்சைச் சான்றின் தேதி தாண்டவில்லையே என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரத்தின் பொத்தானை அழுத்திச் சத்தம் கேளுங்கள். எந்தெந்தச் சாலையில் போகக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கும். குயின்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் கேன்யன் சாலை எல்லோர் பட்டியலிலும் உண்டு. தார் போடாத சாலையையே ஒட்டுமொத்தமாகத் தடுப்பவர்களும் உண்டு. ராப் ராய் பனியாற்று நடைக்குப் போகும் சாலை கடைசியில் சரளைக்கல்லும் ஓடைகளுமாக இருப்பதால் வேனை அங்கே கொண்டுபோக வேண்டாம். வானாக்காவிலிருந்து ஷட்டில் பிடியுங்கள்.

ஓட்டுவது நம்மைப் போல இடது பக்கம்தான். பெங்களூர் டிராஃபிக்கில் பழகியவர்களுக்கு அங்கே சிக்கல் காலிச் சாலை. 100 கிலோமீட்டர் வேக வரம்பு என்பது உச்சம்; வளைவுகளில் வேன் 70-இல் போனால் போதும். பின்னால் நாலு கார் சேர்ந்துவிட்டால் ஓரமாக ஒதுங்கி வழிவிடுவது அங்கே மரியாதை. ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய வரும். சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாக, சிவப்பாக இருந்தால் நீங்கள் நின்று வழிவிட வேண்டும். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு என்றால் உங்களுக்கு முன்னுரிமை. ஹாரன் அடிப்பதை மறந்துவிடுங்கள். 42 நாளில் நான் அடித்தது ஒரே தடவை, அதுவும் ஆட்டு மந்தைக்கு.

ராத்திரி எங்கே

மூன்று விதமாகக் கலந்து வைத்துக்கொண்டோம். வாரத்தில் மூன்று இரவு இலவச இடம். மூன்று இரவு டாக் என்று எல்லோரும் சொல்கிற இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள். கழிப்பறையும் தண்ணீரும் இருக்கும், ஆளுக்குப் பத்திலிருந்து இருபது டாலர். ஒரு இரவு மின் இணைப்புள்ள ஹாலிடே பார்க். வெந்நீர்க் குளியல், துணி துவைப்பு, பேட்டரி சார்ஜ், பொதுச் சமையலறை. அந்த ஒருநாளில் ஒரு வார வேலையும் முடிந்துவிடும். இடம் தேட கேம்பர்மேட் செயலி போதும். ஆனால் செயலி சொன்னதைவிட அங்கே நட்டிருக்கும் பலகை சொல்வதுதான் சட்டம். நகராட்சிக்கு நகராட்சி விதி மாறும்.

கழிப்பறையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். வேனில் இருப்பது கேசட் டாய்லெட். வெளிப்பக்கக் கதவைத் திறந்து சூட்கேஸ் மாதிரி உருவி எடுக்கலாம். இருவருக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். அதற்கென்றே ஊர்களில் டம்ப் ஸ்டேஷன் உண்டு, பெரும்பாலும் இலவசம். கையுறை போடுங்கள். குழாய்மூக்கை வெளிப்பக்கம் திருப்பி மூடியைக் கழற்றுங்கள். கவிழ்க்கும்போது காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். அதை அழுத்தாமல் கவிழ்த்தால் 'கொளக் கொளக்' என்று துள்ளி உங்கள் ஷூமேல் விழும். முதல் தடவை கணவருக்கு விழுந்தது. இரண்டு முறை அலசி, ரசாயனத்தை ஊற்றி, திரும்பச் செருக வேண்டும். ஐந்து நிமிட வேலை. குடிதண்ணீர்க் குழாய் தனியாக இருக்கும். கேசட் அலசும் குழாயில் குடிநீர்த் தொட்டியை நிரப்பிவிடாதீர்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரும் இங்கேதான் போக வேண்டும், புல்லில் அல்ல.

ராத்திரி எவ்வளவு குளிர்ந்தாலும் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் கண்ணாடியிலிருந்து தலையணைக்குச் சொட்டும். குளிர்காய அடுப்பை எரியவிடுவது உயிரோடு விளையாட்டு. ஒரு வெந்நீர்ப் பாட்டிலைக் காலடியில் போட்டுக்கொண்டால் போதும்.

குக்கர்

மூன்று லிட்டர் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனதற்கு எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பயணத்தில் அதிகக் காசு மிச்சப்படுத்திய பொருள் அதுதான். சாதம், பருப்பு, உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே ஏற்றில், கேஸ் பாதி. ஒரு சங்கடம் மட்டும். அவோராக்கி (மவுண்ட் குக்) மலையடிவாரத்தில் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் காலை ஆறரைக்கு விசில் அடித்தது. பக்கத்து வேனிலிருந்து ஒரு தாத்தா கம்பளியோடு எட்டிப் பார்த்து, "ரயிலா?" என்று கேட்டார். அதிலிருந்து முதல் விசிலுக்கு முந்தின சீறல் கேட்டதும் அடுப்பை அணைத்து, குக்கரைத் துண்டில் சுற்றி வைத்தோம். சாதம் அதிலேயே வெந்துவிடுகிறது.

காய்கறிக்கு பாக்-அன்-சேவ் கடைதான் மலிவு. ஆனால் அது பெரிய ஊர்களில்தான் இருக்கும். மேற்குக் கடற்கரையில் இறங்கும் முன் பத்து நாளுக்கு வாங்கிக்கொண்டு போங்கள். ஹாஸ்ட் மாதிரிச் சிற்றூர்க் கடையில் ஒரு தக்காளியின் விலையைப் பார்த்துவிட்டு நான் புளிக்குழம்புக்கு மாறினேன். பெட்ரோலுக்கு கேஸ்பி என்ற செயலி எந்த பங்க்கில் விலை குறைவு என்று காட்டும்.

நடை

அங்கே மலை நடைக்கு டிராம்பிங் என்று பெயர். உலகப் புகழ்பெற்ற கிரேட் வாக்ஸ் என்ற வரிசையில் பதினொரு பாதைகள். அதில் மில்ஃபோர்ட் பாதை 53.5 கிலோமீட்டர், நான்கு நாள். முன்பதிவு திறந்த சில நிமிடங்களில், வழியில் இரவு தங்கும் குடில்கள் தீர்ந்துவிடும். புகழ்பெற்ற சில பாதைகளில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கட்டணமும் கூடுதல். என் கருத்தைக் கேட்டால், சிக்கனப் பயணத்தில் அதைத் துரத்த வேண்டாம். அதே மலைகளை ஒருநாள் நடையில் இலவசமாகப் பார்க்கலாம். ரூட்பர்ன் பாதையின் ஒரு முனையில் இருக்கும் கீ சம்மிட்டுக்குப் போய்வர மூன்றே மணி நேரம்.

நாங்கள் போன வரிசை இது. முதலில் ஆர்தர்ஸ் பாஸ். அந்தக் கணவாயின் உயரம் 920 மீட்டர், பெங்களூரும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஆனால் மார்ச் காலையில் பல் கிட்டியது. அங்கே டெவில்ஸ் பன்ச்பவுல் அருவி ஒரு மணி நேர நடை. கால் பழகியவர்களுக்கு 1,833 மீட்டர் அவலான்ச் பீக் இருக்கிறது. வானாக்காவில் ராய்ஸ் பீக்: போய்வர 16 கிலோமீட்டர், உச்சி 1,578 மீட்டர், நிழலே கிடையாது, இடைவிடாத வளைவு. படத்துக்காக உச்சியில் வரிசையில் நிற்கிறார்கள். எனக்குச் சலிப்பாக இருந்தது. அவோராக்கியில் சீலி டார்ன்ஸ் வரை 2,200 படிகள். மருதமலைப் படியேறிப் பழகிய கணவர் வீறாப்போடு தொடங்கி, ஆயிரத்துக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டார். ஹூக்கர் பள்ளத்தாக்கு சமதளப் பாதை, எல்லோருக்கும் ஏற்றது. ஆனால் தொங்குபாலத்துக்காகப் பாதி வழியில் மூடுவது உண்டு. எந்தப் பாதைக்கும் கிளம்பும் அன்று டாக் தளத்தில் நிலவரம் பாருங்கள்.

மனதில் நின்றது கோப்லண்ட் பாதை. ஃபாக்ஸ் கிளேசியர் ஊருக்குத் தெற்கே 26 கிலோமீட்டரில், நெடுஞ்சாலையிலிருந்தே தொடங்குகிறது. 18 கிலோமீட்டர், ஏழு மணி நேரம் நடந்தால் வெல்கம் ஃபிளாட் குடில், பக்கத்திலேயே இயற்கையான வெந்நீர்க் குளங்கள். குடிலுக்கு முன்பதிவு வேண்டும். மெத்தை இருக்கும், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, பாத்திரம் நம்முடையது. நாங்கள் பதிவு செய்த நாளுக்கு முந்தின நாள் வானிலை நிறுவனமான மெட்சர்வீஸ் கனமழை என்றது. மேற்குக் கரை மழை நம் ஊர் மழையல்ல. கொஞ்சம் தெற்கே மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 7 மீட்டர் பெய்கிறது; பெங்களூரில் ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்தப் பாதையில் ஓடைகளைக் கடக்க வேண்டும், மழையில் அவை ஒரு மணி நேரத்தில் ஆறாகிவிடும். பெருகிய ஓடையில் இறங்கக் கூடாது என்பது அங்கே எழுதாத முதல் விதி. பதிவை மாற்றிக்கொண்டு இரண்டு நாள் முகாமிலேயே கிடந்தோம். ரசம் வைத்தோம், துணி காயவில்லை, சீட்டாட்டத்தில் நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். மறுநாளே அடுத்த ஊர், அதற்கு மறுநாள் இன்னொரு ஊர் என்று திட்டம் போட்டிருந்தால் அந்த மழையிலேயே கிளம்பியிருப்போம்.

மூன்றாம் நாள் வெயில். குடிலை அடைந்து வெந்நீரில் கழுத்துவரை இறங்கியதும், தண்ணீருக்கு வெளியே இருக்கும் முகத்தைச் சாண்ட்ஃபிளை தேடி வந்தது. எள்ளளவு கறுப்புப் பூச்சி, கடித்தால் ஒரு வாரம் அரிக்கும். கையோடு கொண்டுபோன ஓடோமாஸ் ஓரளவுக்குத்தான் காத்தது. ஆனால் அந்தப் பூச்சி இருட்டில் கடிக்காது. சூரியன் மறைந்து கால் மணி நேரத்தில் ஒன்றுகூட இல்லை. அப்புறம் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு ஒன்பது மணி வரை தண்ணீரிலேயே கிடந்தோம்.

பாதுகாப்புக்குச் சில பழக்கங்கள். மலைக்குள் செல்போன் சிக்னல் கிடையாது. அவசர அழைப்புக் கருவியான பி.எல்.பி.யை நாள் வாடகைக்கு எடுங்கள். பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்குத் தகவல் போகும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஊரில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு, குடிலில் இருக்கும் பதிவேட்டிலும் எழுதுங்கள். மரங்களில் ஆரஞ்சு முக்கோணம் தெரியும்வரை பாதை சரி. தெரியவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த முக்கோணத்துக்குத் திரும்புங்கள். அவசர எண் 111. விபத்தில் அடிபட்டால் ஏ.சி.சி. என்ற அரசுத் திட்டம் சுற்றுலாப் பயணிகளின் சிகிச்சைச் செலவையும் ஏற்கிறது. காய்ச்சல், நெஞ்சுவலி போன்ற நோய்க்கு அது பொருந்தாது. அதனால் பயணக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் கியா. மலைக்கிளி, பச்சை உடம்பு, இறக்கைக்கு அடியில் ஆரஞ்சு. ஆர்தர்ஸ் பாஸில் ஒன்று வேன் கூரையில் வந்து உட்கார்ந்து, எங்களைத் தலை சாய்த்துப் பார்த்துவிட்டு, வைப்பர் ரப்பரின் ஒரு முனையைக் கவ்வி நிதானமாக, நூல் பிரிப்பதுபோல் இழுத்தது. நான் கைதட்டினேன். அது நகரவில்லை. ரப்பரை முழுசாக எடுத்துக்கொண்டுதான் பறந்தது. அதற்கு உணவு கொடுக்கக் கூடாது, ஷூவை வெளியே வைக்கவும் கூடாது.

கணக்கு

இருவருக்கும் சேர்த்து, டாலரில்: வேன் வாடகை 2,940. கூடுதல் காப்பீடு 1,050. 3,500 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 1,080. முகாம், பார்க், குடில் எல்லாம் 900-க்குள். மளிகை வாரத்துக்கு 170 வீதம் 1,020. ஷட்டில், பி.எல்.பி., வைப்பர் ரப்பர், மூன்று தடவை ஹோட்டல் காபி 350. மொத்தம் 7,340, ஏறக்குறைய மூன்றே முக்கால் லட்சம் ரூபாய். விமான டிக்கெட்டும் விசாவும் தனி.  நாளைக் குறைத்தால் வாடகையும் மளிகையும் குறையும், ஆனால் விமானக் காசு அப்படியேதான் இருக்கும்.

திருப்பிக் கொடுப்பது

முந்தின இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹாலிடே பார்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். கேசட்டைக் காலி செய்து, தொட்டியை வடித்து, பெருக்கி, பெட்ரோலை நிரப்பி, மறுபடி ஒரு வீடியோ. பிடித்துவைத்த தொகை கார்டில் விடுபட எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. மிச்சமான மளிகையைப் பொதுச் சமையலறையில் 'இலவசம்' என்று எழுதிய அலமாரியில் வைத்துவிட்டு வருவது அங்கே வழக்கம். அரிசி, பாதி எண்ணெய், கேஸ் குடுவை இரண்டு, கால் பாக்கெட் சாம்பார்பொடி வைத்தோம். பொடிமேல் கணவர் "ஒரு ஸ்பூன் மட்டும்" என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினார். குக்கரை மட்டும் துண்டில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தோம்.